வெள்ளைப் பூ வந்த வீடு

சிங்கப்பூர் விழுந்த செய்தி கொழும்பு வெள்ளவத்தைக்கு எட்டிய கிழமையில் சிவபாதசுந்தரத்தாருக்குக் கடவுள் நம்பிக்கை திடீரென்று பெருகிவிட்டது. அதற்கு முன் அவர் நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் மச்சம் கிடையாது. நெற்றியில் விபூதி இல்லாமல் கந்தோருக்குப் போனது கிடையாது. ஆனால் அதெல்லாம் ஒரு அரசாங்கக் கிளாக்கருக்கு அளவான பக்தி. இப்போது வந்தது வேறு. காலையில் கேற்றில் சாய்ந்துகொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளி வழங்கலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

வாங்கிக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். அவர் வீடிருந்த ஒழுங்கையில் பாதிக் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அரிசிச் சாக்கு, தலையணை, தையல் மெஷின், சாமி படம் எல்லாம் ரிக்‌ஷாவில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போயின. ஒரு வீட்டார் ஆட்டுக்கல்லை விட்டுப்போக மனமில்லாமல் இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். ஜப்பான்காரன் கடல் தாண்டி வருவது தோசைக்கு அரைக்கத்தான் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

“பிள்ளையாரை இஞ்சை தனிய விட்டிட்டோ போறியள்?” என்று சிவபாதசுந்தரத்தார் கேட்பார். “ஊரிலை இருக்கிறவரும் இவர்தானே. அங்கை காப்பாத்திறவர் இஞ்சை காப்பாத்த மாட்டாரோ?”

ரிக்‌ஷாவில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பயந்து ஓடுகிறவர்களுக்கு வெட்கத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்புவதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

இந்த நம்பிக்கை எங்கே ஊறியது என்று பார்க்க வேண்டுமானால் அவருடைய கந்தோருக்குப் போகவேண்டும். அங்கே தலைமைக் கிளாக்கராக இருந்த றேமண்ட் என்ற பறங்கியர், நெஞ்சுவலி என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மலைநாட்டுப் பண்டாரவளைக்கு ஏறிவிட்டார். அவருடைய நாற்காலி காலியானது. அது கைபிடி வைத்த நாற்காலி. மற்றக் கிளாக்கர்மாரின் நாற்காலிகளுக்குக் கைபிடி இல்லை. இருபத்து மூன்று வருஷமாக அந்தக் கைபிடிகளைத் தூரத்திலிருந்து பார்த்து வந்தவர் சிவபாதசுந்தரத்தார். “இப்போதைக்கு நீர் இரும். ஒரு நாள் லீவு கேட்டாலும் நாற்காலி அடுத்தவருக்குப் போகும்” என்று வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவருக்கு, யுத்த காலத்தில் இருந்த இடத்தை விட்டு அசைவது தெய்வ நிந்தனை என்று நன்றாக விளங்கிவிட்டது.

வீட்டில் அவரும் மனைவி அன்னபாக்கியமும் ஒரே மகள் அருள்நாயகியும். அருள்நாயகிக்கு எட்டாம் மாதம். புருஷனுக்கு மலாயாவில் றெயில்வே வேலை. தலைப்பிள்ளையைத் தாயிடம் பெறட்டும் என்று நவம்பரில் அவளைக் கப்பலேற்றி அனுப்பியவன், டிசம்பர் முதற்கிழமையில் ஒரு கடிதம் எழுதினான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் விழுந்தபோது அந்தப் பெண் அழவில்லை. கதைப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள். அவள் அப்படி இருந்தது அன்னபாக்கியத்துக்குக் குண்டைவிடப் பயமாக இருந்தது.

“பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்ப் பெறவைப்பம். நீங்களும் வாருங்கோ. உந்தச் சனத்துக்குள்ளை ஆம்பிளைத் துணையில்லாமல் நான் என்னெண்டு இவளைக் கொண்டு போறது?” என்று அவள் தினமும் கேட்டாள்.

“அன்னம், நம்பிக்கை வேணும்,” என்பார் அவர். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஸாலிஹ் நானா. புறக்கோட்டையில் துணிக்கடை. மனைவி லுத்பியாவையும் பிள்ளைகளையும் கண்டிப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைக்காகத் தனியே நின்றவர். இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த பலாமரத்தடியில் அவர் பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருந்தார். உண்மையில் அதைத் தோண்டுவிக்க வேண்டியவர் சிவபாதசுந்தரத்தார்தான். ஒழுங்கைக்கு ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது குண்டுவீச்சுக் காவலர், அவர். அரசாங்கம் அவருக்கு ஒரு இரும்புத் தொப்பி, ஒரு விசில், விஷவாயு முகமூடி போட்டுவைக்க ஒரு கன்வஸ் பை எல்லாம் கொடுத்திருந்தது. பை வந்துவிட்டது. முகமூடி பிறகு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் எங்கும் போய்வந்தார்.

“என்ன நானா, அல்லாவிலை நம்பிக்கை குறைஞ்சு போச்சோ?” என்று வேலிக்கு மேலால் கேட்டார்.

ஸாலிஹ் மண்வெட்டியை நிறுத்தவில்லை. “நம்பித்தான் தோண்டுறன் கிளாக்கர் ஐயா. சுபஹு தொழுதிட்டு வந்து ஒரு மணித்தியாலம். காப்பாத்துறது அவன்ட வேலை. மண்ணள்ளுறது என்ட வேலை.”

“உது அரைகுறை நம்பிக்கை.”

“இரிக்கலாம். வார்டன் நீங்கதானே, நீங்க செல்றது சரியாத்தான் இரிக்கும்,” என்றார் ஸாலிஹ், ஒரு கூடை மண்ணை வேலியோரம் கொட்டியபடி. சில மண்கட்டிகள் வார்டனின் சப்பாத்தில் விழுந்தன.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, அன்னபாக்கியம் கெஞ்சுவதை விட்டுவிட்டு அமைதியாக ஒரு யோசனை சொன்னாள். “நீங்களும் நானும் ஏன் பிடுங்குப்படுவான்? நாளைக்குப் பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாப்பம். சிவப்பு வந்தால் போறது. வெள்ளை வந்தால் நிக்கிறது.”

“நல்ல யோசனை,” என்றார் அவர் உடனே.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒரே வாயில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. இருவரில் ஒருவராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அன்னபாக்கியம் தோய்ந்து, ஈரத்தலையோடு குசினிக்குள் இருந்து, வாழையிலைத் துண்டுகளில் பூவைப் பொதிந்து வாழைநாரால் கட்டினாள். சிவப்புக்கு வேலியோரத்துச் செவ்வரத்தை. வெள்ளைக்குக் கிணற்றடி நந்தியாவட்டை என்று பேச்சு. அதே நேரம் கிணற்றடியில் பல் விளக்கிய சிவபாதசுந்தரத்தாரும் அதே நந்தியாவட்டையில் ஒரு கைப்பிடி பறித்து, அதே வாழையில் இலை கிழித்து, அதே அளவில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டார். இரண்டிலும் வெள்ளை. கையால் ஒரு வேலை செய்து பழக்கமில்லாத மனிதர், நாரை முடிச்சுப் போட மட்டும் பத்து நிமிஷம் பாடுபட்டார். இப்படியொரு சிரத்தையைக் கந்தோர் கடிதங்களில் அவர் காட்டியதாக யாரும் சொன்னதில்லை.

கோயிலுக்கு நடந்து போகும்போது அவள் பொட்டலங்கள் வைத்த பூசைத் தட்டத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். காலி வீதியைக் கடக்கும் இடத்தில் ஒரு பஸ் வந்தது. பெண்கள் இருவரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் போதும். அவளுடைய பொட்டலங்கள் தோளில் தொங்கிய கன்வஸ் பைக்குள் போயின. அவருடையவை தட்டத்துக்கு வந்தன. அந்தப் பை அரசாங்கம் கொடுத்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

ஐயர் பொட்டலங்களைப் பிள்ளையாரின் பாதத்தில் வைத்துத் தீபம் காட்டினார். “ஒண்டை எடும் பிள்ளை,” என்றார். அருள்நாயகி பார்க்காமலே ஒன்றைத் தொட்டாள். ஐயர் நாரை அறுத்து விரித்தார். வெள்ளை. மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அது வாடிய மாலைகளோடு சேர்ந்து வெளியே போகும். அந்த வழக்கத்தை நம்பித்தான் சிவபாதசுந்தரத்தார் இந்த வேலையில் இறங்கியிருந்தார்.

அவர் மனைவியைப் பார்த்தார். அன்னபாக்கியம் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. வாய் திறந்தபடி கிடந்தது. பிறகு அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டவள் நெடுநேரம் எழும்பவில்லை. பாவம், ஊருக்குப் போக எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று அவருக்கு மனம் கொஞ்சம் இளகியது. நாற்காலி நினைவுக்கு வந்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்த அன்னபாக்கியம் போனவள் இல்லை. கட்டி வைத்த றங்குப் பெட்டியை அவிழ்த்துச் சேலைகளைத் திரும்ப அடுக்கினாள். பின்வளவில் கீரை விதைத்தாள். தொட்டில் கட்ட வளையம் சரியாக இருக்கிறதா என்று முகட்டைப் பார்த்தாள். ஆகாயத்தில் விமானம் இரைந்தால் முன்பெல்லாம் மகளைக் கட்டிப்பிடிப்பவள், இப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே “போகட்டும்” என்றாள். பயம் அவளைவிட்டுப் போயே போய்விட்டது.

போனது எங்கே போயிற்று என்றால், வேறெங்கும் இல்லை, நேரே அவருக்குள் வந்து குந்திக்கொண்டது. ஒழுங்கை முழுவதிலும் பிள்ளையார் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர். ஜப்பான் கப்பல்கள் எங்கேயோ தெரிந்தனவாம் என்று கந்தோரில் யாராவது சொன்னால் கைபிடி நாற்காலியில் இருந்தபடியே அவர் யன்னலால் ஆகாயத்தைப் பார்ப்பார். இதற்குள் அன்னபாக்கியம் வெள்ளைப் பூ வந்த கதையை ஒழுங்கையெல்லாம் சொல்லிவிட்டாள். மூலை வீட்டு நமசிவாயம் வாத்தியார் எடுத்த ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு குடும்பம் கட்டிய மூட்டையை அவிழ்த்தது. அவர் எண்ணிப் பார்த்தார். சின்னதும் பெரிதுமாகப் பதினொரு பேர் அவர் கட்டிய பொட்டலத்தை நம்பிக் கொழும்பில் நின்றார்கள்.

அந்த இரண்டு பொட்டலங்களும் பைக்குள்ளேயே கிடந்தன. சாமிக்கென்று கட்டியதைக் குப்பையில் போடப் பயம். கடலில் விடலாம் என்றால் கரையெல்லாம் பட்டாளத்தின் முள்ளுக்கம்பி. பிரித்துப் பார்க்கவும் துணிவில்லை. முகமூடிக்கு வந்த பையில் அவை காய்ந்துகொண்டு அவரோடு கந்தோருக்குப் போய் வந்தன.

ஒரு நாள் மெல்லக் கேட்டார். “அன்னம், இன்னொருக்காப் பூக்கட்டிப் பாத்தால் என்ன?”

“சொன்ன சாமியிட்டைத் திரும்பக் கேக்கிறதோ? நல்ல கதை.”

இன்னொரு நாள் மூன்று ரிக்கற்றுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார். நாற்காலி போனாலும் போகட்டும் என்ற அளவுக்கு வந்திருந்தார் என்பதை அவருடைய கணக்கில் எழுதத்தான் வேண்டும். அன்னபாக்கியம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள்தானே கேற்றடியிலை நிண்டு ஊருக்கெல்லாம் சொன்னியள், அங்கை காப்பாத்திறவர் இஞ்சை காப்பாத்த மாட்டாரோ எண்டு. உங்களுக்கென்ன, நம்பிக்கை இல்லையோ?”

தன் சொந்தச் சரக்கே இப்படித் திரும்பி வந்து தலையில் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் ஐந்தாம் திகதி, வேதக்காரருக்கு உயிர்த்த ஞாயிறு. காலையில் சிவபாதசுந்தரத்தார் கோப்பியை வாயில் வைக்கும்போது கடல் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. நம்முடைய விமானங்கள்தான், இரத்மலானை விமானத்தளத்துக்குப் போகின்றன என்று நினைத்தார். சங்கு ஊதியதா, முந்தி ஊதியதா பிந்தி ஊதியதா என்று ஒழுங்கையில் பிறகு நெடுங்காலம் வாதம் நடந்தது. பீரங்கி வெடிக்கத் தொடங்கியபோது வாதத்துக்கு இடமிருக்கவில்லை. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வார்டன் இரும்புத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டார்.

அன்னபாக்கியம் குசினியிலிருந்து புட்டுக் குழலோடு எட்டிப் பார்த்தாள். “மேசைக்குக் கீழை என்ன தேடுறியள்?”

“விசில். விசில் விழுந்திட்டுது.”

“கழுத்திலை தொங்குது,” என்றாள் அவள்.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து “அம்மா” என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு மாதமாகக் கேட்காத குரல். இருவரும் ஓடினார்கள். அருள்நாயகி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நிலத்தில் நீர் ஓடியது. இன்னும் மூன்று கிழமை இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை.

“பிறிஜெற் மிசியைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ,” என்றாள் அன்னபாக்கியம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, அடுத்த ஒழுங்கையில் குடியிருந்த மருத்துவிச்சி பிறிஜெற். “வேதக்கோயிலிலை பூசைக்கு நிப்பா. ஓடுங்கோ.”

“இப்பவோ? குண்டெல்லே போடுறாங்கள்?”

“குண்டு எங்களுக்கில்லை எண்டு பிள்ளையார் சொல்லிப்போட்டார். ஒண்டுக்கும் பயப்பிடாமல் போங்கோ.”

அந்த முகத்தில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் அவர் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார். இல்லை. அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல், தொப்பியோடும் விசிலோடும் முகமூடியில்லாத பையோடும் அவர் ரோட்டில் இறங்கினார்.

போகும் வழியில் பலாமரத்தடியைப் பார்த்தார். ஸாலிஹ் நானா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். நமசிவாயம் வாத்தியார் தலையில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வெள்ளைப் பூவை நம்பி நின்ற பதினொரு பேரும் நாலு பேருக்கென்று தோண்டிய குழிக்குள் இருந்தார்கள்.

காலி வீதியில் ஒரு நாய்கூட இல்லை. நடு வீதிக்கு வந்தபோது கடல் பக்கமிருந்து ஒரு விமானம் தென்னை மரங்களை உரசுகிற மாதிரித் தாழ்வாக வந்தது. செட்டையில் சிவப்பு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. “மாத்தயா, பிம திகாவென்ன!” என்று கடை வாசலில் படுத்திருந்த பொலிஸ்காரன் கத்தினான். நிலத்தில் படுக்கச் சொல்கிறான் என்று மூளைக்கு விளங்கும் முன்பே சிவபாதசுந்தரத்தார் வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் கிடந்தார். கானில் தண்ணீர் மட்டும் இருக்கவில்லை.

குப்புறக் கிடந்தவருக்குக் கும்பிட வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கும்பிடுவது? நெஞ்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் அந்தப் பை அழுத்தியது. நூற்றெட்டுத் தேங்காய் என்று தொண்டை வரைக்கும் வந்தது. தேங்காய் எடுபடாது என்று அவருக்கே தெரிந்தது.

“பிள்ளையாரே, நான் செய்தது களவு. என்ரை சொல்லைக் கொண்டந்து உன்ரை வாயிலை வைச்சனான். என்ரை பிள்ளையும் அவளின்ரை பிள்ளையும் தப்பினால் அன்னத்திட்டை உள்ளதைச் சொல்லுறன். இண்டைக்கே சொல்லுறன். சத்தியம்.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. தொப்பி ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கமாக எழுந்து ஓடினார்.

வேதக்கோயிலில் சனம் வாங்குகளுக்கிடையில் முழந்தாளில் இருந்தது. பிறிஜெற் முக்காட்டோடு கதவடியில் இருந்தாள். அவர் கோலத்தைப் பார்த்ததும் செபமாலையைப் பைக்குள் போட்டாள். “மாதா பாத்துக்குவா. நடங்க ஐயா. கொஞ்சம் தள்ளி நடங்க, உங்களில நாத்தமடிக்குது,” என்றாள்.

திரும்பிப் போகையில் அவளும் பயந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் தோள் துள்ளியது. ஆனால் கால் நிற்கவில்லை. பயத்தோடேயே ஒரு மனுஷி இவ்வளவு வேகமாக நடக்கலாம் என்று அவர் அன்றுதான் கண்டார்.

பத்து மணிக்கு முன் எல்லாம் ஓய்ந்தது. ஒழுங்கையில் பீரங்கித் துண்டொன்று வாத்தியார் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு போய் ஒரு தண்ணிக் குடத்தை உடைத்திருந்தது. வேறொரு சேதமும் இல்லை. பதினொன்றரைக்கு அறைக்குள்ளிருந்து பிள்ளை அழுத சத்தம் கேட்டது. பெண்பிள்ளை. பிறிஜெற் வெளியே வந்து கையைத் துடைத்தாள். “புள்ள சுகம். தாய்க்கு இரத்தம் கூடப் போய்ட்டு. ஒரு மாசத்துக்கு அசைக்கக் கூடாது. ரெயில், யாழ்ப்பாணம் ஒண்டும் யோசிக்காதீங்க. மனசையும் அலட்ட வேணாம்.”

சிவபாதசுந்தரத்தார் கிணற்றடியில் குளித்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றார். தோளில் பை. அருள்நாயகி வெள்ளைத் துணி மாதிரிக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம். அன்னபாக்கியம் நிலத்தில் இருந்து மகளின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அன்னம், நான் ஒண்டு சொல்ல வேணும்,” என்று தொடங்கினார்.

“பொறுங்கோ. முந்தி நான் சொல்லுறன்.” அவள் கண்ணிலிருந்து நீர் ஓடியது. “இந்தப் பிள்ளை நல்லபடி பிறந்தால் சொல்லுறது எண்டு இருந்தனான். நான் ஒரு பாவஞ் செய்தனான். அண்டைக்குப் பூக்கட்டினது ஞாபகமோ? நான் இரண்டு பொட்டலத்திலையும் சிவப்பைத்தான் வைச்சனான்.”

அவருக்குக் கேட்டது. விளங்கவில்லை.

“எப்பிடியும் பிள்ளையைக் கொண்டு ஊருக்குப் போயிட வேணும் எண்ட விசர். என்ரை கையாலை வைச்சனான், இரண்டிலையும் செவ்வரத்தை. ஐயர் விரிக்கேக்கை வெள்ளை! நான் செத்துப்போனன் எண்டு நினைச்சன். நான் களவு செய்தும் அவர் கோவிக்கேல்லை. சிவப்பை வெள்ளையாக்கிக் காட்டினார். அதுக்குப் பிறகு நான் ஏன் பயப்பிட? ஆயிரம் பிளேன் வரட்டும்.”

சிவபாதசுந்தரத்தாரின் கை தானாகப் பையைப் பொத்திக்கொண்டது.

கட்டிலில் கிடந்த அருள்நாயகி கண்ணைத் திறந்தாள். தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பரிலிருந்து அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.

“சிவப்பை வெள்ளையாக்கினவர் எண்டால்,” என்றாள் மெல்ல, “மலாயாவிலை இருந்து அவரையும் கொண்டந்து விடுவார், என்னம்மா?”

“விடுவார் பிள்ளை. ஏன் விடமாட்டார்?”

மகள் தகப்பனைப் பார்த்தாள். “என்னப்பா?”

இருபத்து மூன்று வருஷம் கடிதம் எழுதிப் பிழைத்த மனிதர் பையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டார். “ஓம் மோனை,” என்றார். “கட்டாயம்.”

“நீங்கள் என்னவோ சொல்ல வந்தியள்?” என்றாள் அன்னபாக்கியம் மூக்கைத் துடைத்தபடி.

“தண்ணி கொதிச்சிட்டுது. அதுதான்.”

பின்வளவில் மூன்று கல் வைத்துப் பெரிய பானையில் தண்ணீர் காய்ந்தது. அவர் அடுப்பின் முன் குந்தியிருந்து பையைத் திறந்தார். இலை கறுத்து நொறுங்கியது. முதற் பொட்டலத்தில் செவ்வரத்தம் இதழ்கள், வெற்றிலைத் துப்பல் நிறத்தில். மற்றதைப் பிரிக்காமலே தெரிந்தது. என்றாலும் பிரித்தார். அதிலும் அதுதான். பிள்ளையாருக்கு முன்னால் நின்ற இரண்டு பக்தர்களும் ஒரே தரம்தான். ஒருத்தி மட்டும் அதைச் சொல்லி அழுதுவிட்டாள்.

சொல்லத்தான் வேண்டும். கானுக்குள் கிடந்து செய்த சத்தியம். சத்தியத்தை முறித்தால் என்ன நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரியும். அவர் இரண்டு பொட்டலத்தையும் நெருப்புக்குள் போட்டார். அவை பற்ற நேரம் எடுத்தன.

“முறிச்சிட்டன் பிள்ளையாரே,” என்றார் அடுப்பைப் பார்த்து. “நீ என்னைச் செய்யிறதைச் செய். உள்ளை கிடக்கிற அதுகளைப் பார்.”

காலமெல்லாம் கும்பிட்டவர், பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் தன்னைத் தூக்கிக் கடவுளின் கையில் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். கேற்றடியில் நின்று பேசிய பேச்சுக்களெல்லாம் இதற்கு முன் எவ்வளவு மலிவு என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பின்னேரம் பலாமரத்தடியில் ஸாலிஹ் நானா குழியை நீட்டிக்கொண்டிருந்தார். பதினொரு பேர் இறங்கியதில் ஒரு பக்கம் இடிந்துபோயிருந்தது. வேலியில் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், கிளாக்கர் ஐயா கையில் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துக் கூடையைக் கீழே வைத்தார்.

“என்ன இது? வெள்ளப் பூ வந்த வீட்டுக்குக் குழி என்னத்துக்கு?”

“பூ வந்தது அவையளுக்கு, நானா,” என்றார் சிவபாதசுந்தரத்தார். “எனக்கு மண்வெட்டிதான்.”

ஸாலிஹ் ஒதுங்கி இடம் விட்டார். “அப்ப இந்தப் பக்கம் அகலமா வெட்டுங்க. தொட்டில் ஒண்டு வைக்கோணுமே. பிடிய அப்பிடிப் புடிக்காதீங்க, கை பொத்துப் போகும்.”

கை பொத்துத்தான் போயிற்று. திங்கள் விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை அவர் கந்தோருக்குப் போனபோது அங்கே பாதி மேசைகள் வெறுமையாக இருந்தன. அந்த மேசைக்காரரெல்லாம் ஞாயிறு இரவே யாழ்ப்பாணத்துக்கு ரெயில் ஏறிவிட்டார்கள். சிவபாதசுந்தரத்தார் தலைமைக் கிளாக்கரின் நாற்காலியில் போய் இருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். கைபிடியில் வைக்க முடியவில்லை. அன்று முழுவதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.